வருகை வேறு, குமுகம் வேறு
(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆரவாரம் மிகுந்துள்ள இந்நாளில், நம் தளங்களுக்கு வருவோரைப் பெருக்குவது எவ்வாறு என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். ஒரே நாளில் நூறு கட்டுரை எழுதித் தரும் பொறி எங்களிடம் உண்டு, வாங்குங்கள், வருகை பெருகும் என்று விற்போர் கூவுகின்றனர். வருகையையும் குமுகத்தையும் ஒன்றெனக் கொள்வதே இக்கூவலுக்கு அடிப்படையாயிருக்கும் மயக்கம். வருகை ஓர் எண். வந்தவர் மீண்டும் வருவதும், மீண்டும் வந்தவர் ஒரு பிழையைத் திருத்துவதும், திருத்தியவர் பின்னொரு நாள் தாமே எழுதத் துணிவதுமே குமுகம்.

எண் எத்துணை ஏமாற்றும் என்பதற்கு அண்மைச் சான்றொன்று கூறுவேன். 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியத்திற்கு, 2025 மே அளவில் வருகை திடுமென உயர்ந்தது. பிரேசில் நாட்டினின்று மக்கள் திரள்திரளாக வருவதாகக் கணக்குக் காட்டிற்று. நுணுகி ஆய்ந்தபோது, அவற்றிற் பெரும்பாலானவை மாந்தர்போல் உருக்கரந்து வந்த தானியங்கி நிரல்கள் என்பது தெரியவந்தது. அவற்றைக் கழித்துப் பார்த்தால், மாந்தர் வருகையோ 2024-இன் அதே திங்கள்களினும் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருந்தது. விக்கிமீடியா நிறுவனமே இதனை 2025 அக்தோபரில் வெளியிட்டது. படம் முதலியவற்றை இறக்குதற்கான தரவுப் போக்கு 2024 சனவரிக்குப் பின் 50 விழுக்காடு கூடியது என்றும், மிகுசெலவு வைக்கும் வருகைகளில் 65 விழுக்காடு தானியங்கிகளுடையவை என்றும் அதே ஆண்டு ஏப்பிரலில் அது அறிவித்திருந்தது.

இதன் பொருள் யாது? தொண்டர் எழுதி வைத்ததைப் பொறிகள் அள்ளிச் செல்கின்றன. தேடுபொறியோ, கேட்டவர்க்குத் தானே சுருக்கவிடை கொடுத்து அங்கேயே நிறுத்திவிடுகின்றது. கூகுள் இதனை 2024 மே திங்களில் அமெரிக்காவிற் பரவலாக்கியது. படிப்பவர் மூலப் பக்கத்திற்கு வராதபோது, பிழை கண்டு திருத்துவாரும் புதிதாக எழுத வருவாரும் குறைவர். எழுதுவார் குறைந்தால் பொறி நாளை எதனைக் கற்கும்?

இனிக் கணினி நிரலாளரின் வினாவிடைத் தளமாகிய இசுடாக் ஓவர்புளோவைக் காண்போம். அது 2008-இல் தொடங்கியது. வினவுவோரும் விடையிறுப்போரும் ஊதியமின்றி உழைத்து வளர்த்த அத்தளத்தில், ஒரு காலத்தில் திங்களொன்றுக்கு நூறாயிரத்திற்கு மேற்பட்ட புதுவினாக்கள் எழுந்தன. 2022 நவம்பரில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் உரையாடு பொறி வெளிவந்தது. அடுத்த திங்களே, பொறி எழுதிய விடைகளை இடுதல் கூடாதென அத்தளம் தடுத்தது. ஆயினும் வினாக்கள் குறைந்துகொண்டே வந்தன. 2023 அக்தோபரில் பணியாளருள் 28 விழுக்காட்டினரை அந்நிறுவனம் நீக்கியது. 2024 மே திங்களில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தோடே உடன்படிக்கை செய்துகொண்டது. தம் உழைப்பு விலைபோனதென்று சினந்து, தாம் எழுதிய விடைகளைச் சிலர் அழிக்க முயன்றனர். அவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. இன்று அங்கெழும் வினாக்கள் பழைய அளவின் மிகச் சிறு பகுதியே.

பொறிதான் அக்குமுகத்தை அழித்தது என்று கூறிவிடல் எளிது. ஆனால் அது பாதி உண்மையே. பொறி வருமுன்பே, 2018 ஏப்பிரலில், தம் தளம் பலர்க்கு, சிறப்பாகப் புதியவர்க்கும் பெண்டிர்க்கும், பகைமை மிக்க இடமாகத் தோன்றுகின்றது என்று அந்நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். 'முன்பே கேட்கப்பட்ட வினா' என்று மூடுவதும், 'இதுகூடத் தெரியாதா' என்று இகழ்வதும் அங்கு வழக்கமாயிருந்தன. இகழப்பட்டவனுக்கு, இகழாமல் விடைகூறும் பொறியொன்று கிடைத்தது. சென்றுவிட்டான். பொறி கூறும் விடை சிலபோது பொய்யாயினும், அது அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

நண்பர்களே, இவ்விடத்தில் நம் முகத்தையும் கண்ணாடியிற் காண்போம். தமிழார்வத்தோடு நம் தளத்திற்கு வரும் இளைஞன் ஒருவன் தன் மடலில் அயற்சொல் நான்கு கலந்துவிட்டால், நாம் அவனுக்கு எழுதும் முதல் மறுமொழி எத்தகையது? 'முதலில் தமிழ் கற்று வா' என்பதன்றோ? அச்சொல்லோடு அவன் போனவன் போனவனே. நாம் காக்க முயலும் மொழியை நாளை எழுத வேண்டியவனையே நாம் வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகின்றோம். நம் கொள்கை தூயது. அதனைச் சொல்லும் வாய் கடியதாயின் கேட்பாரிலர். 'பிரச்சினை' என்றெழுதிய மாணவிக்குச் 'சிக்கல்' என்னும் சொல்லை எடுத்துக் கொடுங்கள். அவள் எழுதிய செய்தியைப் பாராட்டிவிட்டுக் கொடுங்கள். அவள் அடுத்த மடலில் அதனை ஆள்வாள்.

குமுகம் எவ்வாறு வளரும் என்பதற்கு நம்மிடமே சான்றுண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்திற் பிறந்த கட்டடக்கலை வல்லுநர் இ. மயூரநாதன் அவர்களைப் போன்றோர் தொடக்கத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தனர். 2017-இல் அது நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. இதற்கிடையே 2009 முதல் 2011 வரை, கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணைகொண்டு நீண்ட கட்டுரைகளை அதிற் சேர்ப்பித்தது. பக்கங்கள் பெருகின. ஆனால் பல கட்டுரைகளின் நடை தமிழாக இல்லை. தமிழ் விக்கிப்பீடியர் வாளாவிருக்கவில்லை. பிழைகளைத் தொகுத்துக் காட்டி, தரம் பேணுமாறு அந்நிறுவனத்தோடு வாதாடினர். 2010-இல் போலந்து நாட்டில் நடந்த விக்கிப்பீடியர் உலக மாநாட்டிலும் இதனை எடுத்துரைத்தனர். காக்க ஒரு குமுகம் இருந்தமையால் களஞ்சியம் காக்கப்பட்டது.

அத்தகைய குமுகம் இல்லாத இடத்தில் நேர்ந்தது யாது? கிரீன்லாந்து மொழியைப் பேசுவோர் ஐம்பதாயிரவர்க்குச் சற்று மேற்பட்டோரே. அம்மொழி விக்கிப்பீடியாவில் எழுதியவருட் பலர் அம்மொழி அறியாதார். பொறி பெயர்த்த பொருளற்ற தொடர்கள் அதில் நிறைந்தன. அவற்றையே பொறிகள் மீண்டும் கற்று, மொழியின் உருவையே திரித்துவிடும் என்னும் அச்சம் எழுந்தது. 2025-இல் அதனை மூடுவதென முடிவாயிற்று.

ஆதலின் இளைஞர்களே, நான்கு செயல்களை மேற்கொள்ளுங்கள்.

முதலாவது, எத்துணைப் பேர் வந்தனர் என்று எண்ணாதீர். எத்துணைப் பேர் மீண்டும் வந்தனர், எத்துணைப் பேர் எழுதினர் என்று எண்ணுங்கள். அளவிறந்து அள்ளும் தானியங்கிகளுக்கு வாயிலை அடையுங்கள். அதற்கான வழிகள் இன்று உள்ளன.

இரண்டாவது, பொறி எழுதியதைப் படித்துத் திருத்தாமல் வெளியிடாதீர். எழுத்துப்பிழை காணவும் குறிப்புத் திரட்டவும் பொறியைக் கருவியாகக் கொள்ளலாம், ஆசிரியனாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, பொறி அறியாததை எழுதுங்கள். உங்கள் ஊர் நெல்வகைகளின் பெயர், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்ட மீனவரின் சொற்கள், நெசவாளரின் கருவிப் பெயர்கள், ஏரி மடைகளின் உறுப்புப் பெயர்கள் ஆகியவை இன்னும் முதியோர் நாவிலேயே உள்ளன. அவர் மறைந்தால் அவையும் மறையும். அவற்றைத் தொகுத்து வெளியிடுங்கள். 'எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர்' என்று ஒருவர் எழுதுவார். உங்கள் குமுகத்தின் முதல் உறுப்பினர் அவரே.

நான்காவது, அவ்வாறு எழுதியவர்க்கு அன்றே மறுமொழி கூறுங்கள், இன்சொல்லாற் கூறுங்கள்.

நூறாயிரம் தானியங்கிகள் வந்துபோன தளத்தினும், உறுதியோடு எழுதும் பதின்மரைப் பெற்ற தளமே நிலைக்கும். அப்பதின்மரைத் தேடுங்கள், வந்தவரைப் போகவிடாதீர்.

வெல்க தமிழ்!