பட்டாவில் இல்லாத பாட்டன்



கொல்லிமலை என்றவுடன் புலவர் நெஞ்சில் முதலில் எழுபவன் வல்வில் ஓரி. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல் அவனை வேந்தர் கோலத்தில் அன்று, வேட்டுவர் கோலத்தில்தான் காட்டுகிறது. யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை ஒரே அம்பு துளைத்துச் செல்கிறது. ஆடித் திங்களில் அவன் பெயரால் மலைமேல் அரசு விழாவும் நடைபெறுகிறது. ஆகவே, இன்று அம்மலையில் வாழும் மக்களை ‘ஓரியின் வழித்தோன்றல்கள்’ என்று மேடையில் கூறிவிடுவது எளிது, கைதட்டலும் கிட்டும். ஆனால், அம்மக்கள் தம் முன்னோரைப் பற்றிக் கூறிவரும் கதை வேறு.

அவர்கள் மலையாளிகள். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லன்று இது. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். பேசுவது தமிழ். காராளர் என்னும் பெயரும் அவர்களிடையே வழங்குவதுண்டு. காஞ்சிமாநகரிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டனர். மூத்தவர் சேர்வராயன் மலையையும், நடுவர் கொல்லிமலையையும், இளையவர் பச்சைமலையையும் அடைந்தனர் என்பது கதை. யார் எம்மலைக்குச் சென்றார் என்பதில் வேறுபாடுகள் உண்டு. வாய்மொழிக்கு அது குறையன்று. மூன்று மலையாரும் ஒரு குடியினர் என்னும் உறவு மட்டும் எவர் சொல்லிலும் மாறுவதில்லை.

இக்கதை 1909இல் அச்சேறியது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அது இடம்பெற்றுள்ளது. காஞ்சியின் வேளாளர் தாங்கள் என்று அவர்கள் கூறியதைக் குறித்துக்கொண்ட ஆசிரியர், அதையே சான்றாக்கி, இவர்கள் தொன்மையான மலைக்குடியினர் அல்லர், அண்மைக் காலத்தில் சமவெளியிலிருந்து ஏறியவர்கள் என்று முடிவு கட்டினார். பெருமைக்காகச் சொல்லப்பட்ட பாட்டன் கதை, பேரன் ‘பழங்குடி’ எனச் சான்று கேட்கும்போது எதிர்ச்சாட்சியாக எழுந்து நிற்கக்கூடிய நிலை அங்கேதான் உருவாயிற்று. கேட்டவர் நோக்கம் வேறு, சொன்னவர் நோக்கம் வேறு என்பதை நூலின் அச்செழுத்து காட்டுவதில்லை.

பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் பெயர் உண்டு. ஆனால் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் மாவட்டங்களுக்கு மட்டுமே அது செல்லும். 1997இல் சேலத்தினின்று பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடங்குவதால் அதற்கு இடர் இல்லை. கோவை மாவட்டம் அவ்வரிசையில் இல்லை. அதனின்று 1979இல் பிரிந்த ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதனாலேயே நெடுங்காலமாகக் கோரிக்கை எழுப்பி வந்துள்ளனர். மாவட்ட எல்லை ஒன்று குடியின் பெயரையே மாற்றிவிடுகிறது!

தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 முதல் பழங்குடியினர் சான்றை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்குச் சென்றது. 1994இல் உச்ச நீதிமன்றம், மகாராட்டிர மாநிலத்து வழக்கொன்றில், இத்தகைய சான்றுகளை ஆராயும் நெறியை வகுத்தது. பள்ளிப் பதிவேடும் பிறப்புப் பதிவேடும் மட்டும் பார்த்தால் போதாது. குலதெய்வம், சடங்கு, மணமுறை, ஈமமுறை ஆகியவற்றையும் உசாவ வேண்டும் என்றது. 2011இல், விடுதலைக்கு முற்பட்ட ஆவணங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்றும், பண்பாட்டுச் சோதனை ஒன்றையே உரைகல்லாகக் கொள்ளலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. எல்லா வழக்கிலும் அச்சோதனை கட்டாயமில்லை என 2023இல் மீண்டும் கூறியது. இங்ஙனம் ஏட்டின் பக்கம் தராசு சாயச் சாய, ஏடில்லாத வீட்டின் கதி என்ன என்பதே வினா.

ஏட்டில் இருப்பதும் நேராக இருப்பதில்லை. கொல்லிமலையில் ஊர்த்தலைவர் ஊர்க்கவுண்டர். அப்பட்டம் பெயரோடு ஒட்டிப் பதிவேட்டில் ஏறிவிட்டால், சமவெளியில் இருந்து படிப்பவர் வேறொரு சாதியை நினைப்பார். பாட்டன் பெயரைத் தாங்குவோன் பேரன் என்பது தமிழ் வழக்கு. ஆகவே இராமன் மகன் பழனி, பழனி மகன் இராமன் என்று தலைமுறை தோறும் இரண்டே பெயர்கள் சுழல்கின்றன. ஆண்டுக் குறிப்பு இல்லாத பட்டாவில் எந்த இராமன் எவர் பாட்டன்?

தொழில் என்னும் கட்டம் இன்னும் வறியது. ‘விவசாயம்’, அல்லது ‘கூலி’. காட்டைத் திருத்திப் புனம் விதைத்ததும், தேன் எடுத்ததும், வேர் கண்டு மருந்து அரைத்ததும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துபோயின. ஆனால் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என்று மலைமக்கள் சாமையிலேயே வகை பிரித்துப் பெயரிட்டுள்ளனர். மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்குச் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. விதையைத் தேடி வைத்துப் பேணிய பெண்களின் அறிவு அப்போதுதான் வெளியார் குறிப்பேட்டில் ஏறத் தொடங்கிற்று. நிலவரி ஏட்டைவிட இந்தச் சாமைப் பெயர்களில் முன்னோர் தொழில் செறிவாக இருக்கிறது என்றால் மிகையன்று.

பெண்வழி பற்றி ஒரு சொல். பட்டாவும் பழைய பள்ளிச் சேர்க்கை ஏடும் தந்தை பெயரையே கேட்டன. தாய் பிறந்த வீடு எந்த நாடு என்று கேட்கவில்லை. கொல்லிமலையிலோ வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புளி நாடு என்று ஊர்த்தொகுதிகள் நாடுகளாகவே வழங்குகின்றன. ஊராட்சிகளும் இப்பெயர்களைத் தாங்கியுள்ளன. எந்த நாட்டுப் பெண் எந்த நாட்டுக்கு வாழச் சென்றாள் என்பதை வரிசையாக எழுதினாலே மலையின் உறவுப்படம் கிடைத்துவிடும். அது இன்று மூதாட்டியர் நாவில் மட்டும் உள்ளது. 1940களில் பிறந்தவர்கள் எண்பதைத் தொட்டும் கடந்தும் நிற்கிறார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு ஓரியைப் பாட மலையேறும் கவிஞர்கள் இம்மன்றத்தில் உளர். கவியரங்கம் முடிந்தபின் அன்று மாலையே இறங்கிவிடாமல் ஒருநாள் தங்கலாம். ஒரு வீட்டில், ஒரு பாட்டியிடம், அவர் தாய் பிறந்த நாடு எது, கொண்டுவந்த விதை எது, கும்பிட்ட தெய்வம் எது என்று கேட்டு, அவர் சொல்லிலேயே எழுதி, கீழே நாளும் ஆண்டும் ஊரும் இட்டு, ஒரு படியை அவ்வீட்டாரிடமே கொடுத்துவிட்டு வரலாம்.