புற்றுநோயாளியின் மனநிலையும் நமது கடமையும்

(போச்சம்பள்ளியில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய அன்பர்கள் கல்வியைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் நன்கு எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயமோ சபையில் பேசுவதற்கு உகந்ததன்று என்று பலர் கருதுவது. புற்றுநோய் கண்ட ஒருவர் தம் மரணத்தை எதிர்நோக்கி வாழும் நாட்களில் அவர் மனம் படும் பாடு யாது, அப்போது நாம் செய்யத்தக்கது யாது என்பதே அது. இந்நோய் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. அதன் பெயரைச் சொல்லத்தான் நாம் அஞ்சுகிறோம்.

பிறரைக் குறை கூறுமுன் என் குடும்பத்தின் குறையையே முதலிற் சொல்லிவிடுகிறேன். என் தமையனாருக்கு இந்நோய் கண்டபோது, குடலில் புண் என்று சொல்லி அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்றோம். வீட்டில் மணப்பருவத்தில் ஒரு பெண் இருந்தாள். விஷயம் வெளிப்பட்டால் சம்பந்தம் கலைந்துவிடும் என்பதே எங்கள் பெரும் பயம். ஊராரிடம் மறைத்தோம், உறவினரிடம் மறைத்தோம், முடிவில் அவரிடமே மறைத்தோம். ஆனால் அவர் அறிந்திருந்தார். ஒரு நாள் மாந்தோப்பில் கட்டிலில் சாய்ந்திருந்தவர், "அடுத்த காய்ப்புக்குத் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடு, தம்பி" என்றார். "ஏன் அண்ணா அப்படிச் சொல்லுகிறீர்கள்? நீங்களே இருந்து பார்த்துக்கொள்வீர்கள்" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அப்பால் அப்பேச்சையே எடுக்கவில்லை. ஆறு வாரங்களில் காலமானார். அன்று அவர் மேலும் சொல்லக் கருதியது என்னவென்பதை நான் இன்றுவரை அறியேன்.

ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்த எலிஸபெத் கூப்ளர் ராஸ் என்னும் மனோவைத்தியப் பெண்மணி, சிகாகோ நகரில் மரணத்தை நெருங்கியவர்களிடமே அமர்ந்து பேசி, 1969ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மறுத்தல், சினம், பேரம், சோகம், ஏற்றுக்கொள்ளல் என ஐந்து நிலைகளை அவர் அதிற் கூறினார். இவை எல்லோருக்கும் ஒரே வரிசையில் வருவன அல்ல என்று பின்வந்தோர் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆயினும் நம் வீடுகளில் இவற்றைக் காணாதவர் யார்? "பரிசோதனைச் சீட்டு மாறியிருக்கும்" என்பது மறுத்தல். கஞ்சி ஆறிவிட்டதென்று மனைவிமேல் எரிந்து விழுவது சினம். அது அவள்மேற் கொண்ட சினமன்று. "மகள் கழுத்தில் தாலி ஏறும்வரை விட்டுவை, தாயே" என்று குலதெய்வத்திற்கு நேர்ந்துகொள்வது பேரம். இதை உணர்ந்தால் நோயாளியின் கடுஞ்சொல்லைப் பொறுக்கும் வலிமை நமக்கு உண்டாகும்.

அடுத்தது, பாவத்தின் பலன் என்னும் பேச்சு. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர் தொண்டைப் புற்றினால் 1886ஆம் ஆண்டில் உடல் நீத்தார். நமக்கு அண்மையிலுள்ள திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமண மகரிஷிகள், இடக்கையில் தோன்றிய புற்றுக்கு நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் குணமாகாமல், 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி சித்தியடைந்தார். இறுதி நாள்வரை அன்பர்கள் தம்மைத் தரிசிப்பதை அவர் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. இத்தகையோருக்கும் வந்த நோயைப் பாவத்தின் குறியென்று நாவால் சொல்லலாமா?

ஆனால் எல்லோரும் ரமணர் அல்லர். தாங்கொணா வலியில் துடிப்பவனிடம் வேதாந்தம் பேசுவது கொடுமை. லண்டனில் 1967ஆம் ஆண்டில் ஸெயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார், இவ்வேதனை உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கையும் பற்றியது என்று விளக்கினார். உடல் வலி தணிந்த பின்னரே மனம் பேசத் தொடங்கும். வலி தணிக்கும் மார்பின் மருந்து கிடைப்பதற்கு நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்தடையாக இருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது தளர்ந்தது. வைத்தியர் மேற்பார்வையில் அதைக் கொடுப்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

துயரத்தை மறைக்காமல் தொண்டாக மாற்றியவரும் நம் தமிழ்நாட்டில் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்ட துயரத்தை நெஞ்சிற் சுமந்து, 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்குவித்தார். அடுத்த ஆண்டு அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அதற்கே வாழ்ந்தார்.

இனி நாம் செய்ய வேண்டுவன. முதலாவது, நோயாளி தம் நிலையை அறிய விரும்பினால் மறைக்கலாகாது. விரும்பாதவர்மேல் திணிக்கவும் ஆகாது. அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்வதே முறை.

இரண்டாவது, இது தொற்று நோயன்று. பரம்பரையாக வருவதும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரையே என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். ஆகையால் புற்றுநோய் கண்ட வீடு என்ற ஒரே காரணத்தால் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மறுப்பதில்லை என்று நம் சங்கத்தார் இன்றே தீர்மானிக்க வேண்டும். வீட்டு வாய்களைப் பூட்டியிருப்பது இந்தப் பயமே. இதை நீக்கும் சக்தி எந்த ஆஸ்பத்திரிக்கும் இல்லை; சம்பந்தம் பேசும் நமக்கே உண்டு.

மூன்றாவது, உதவியைத் தேடிச் செல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசாங்கத் திட்டம் 2021ஆம் ஆண்டில் நமது கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த சாமனப்பள்ளியிலேதான் தொடங்கப்பெற்றது. படுக்கையில் கிடப்போரின் வேதனை தணிக்கும் பணியும் அதில் அடங்கும். பெங்களூரில் 1999 முதல் கருணாசிரயம் என்னும் இல்லம், குணமாகும் நிலை கடந்த புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பேணி வருகிறது.

நான்காவது, செலவற்றது, ஆயினும் கடினமானது. அருகில் அமர்ந்து கேளுங்கள். கனடா தேசத்து மனோவைத்தியர் ஹார்வி சோச்சினாவ், நோயாளி தம் வாழ்வைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவதைப் பற்றியும் கூறுவதை எழுதிக் குடும்பத்திற்கு அளிக்கும் முறையை வகுத்து, அதன் பலனை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் இளைஞர்கள் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் இதைச் செய்யலாகாதா?

அன்பர்களே! சந்தை நாளில் சுமையோடு வருபவரைக் கண்டால், கேளாமலே கைகொடுத்து இறக்கிவைக்கிறோம். மனச்சுமையோடு கிடப்பவருக்கோ, "ஒன்றுமில்லை, சரியாய்ப் போய்விடும்" என்று சொல்லி அதைத் தலையிலேயே இருக்கச் செய்கிறோம். என் தமையனார் தோப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிய அந்த நாள் எனக்கு மீண்டும் வாராது. உங்களில் எவர் வீட்டிலேனும் அத்தகைய நாள் இன்னும் மீதியிருக்குமாயின், அதை வீணாக்காதீர்கள் என்று வேண்டிக்கொண்டு அமர்கிறேன்.