ஒரே இராட்டினம்



ஊர்க் கிணற்றில் இருப்பது ஒரே இராட்டினம். நீர் இறைக்க ஒருவர் வந்தால் தடையில்லை. பத்துப் பேர் குடத்தோடு வந்தால், ஒருவர் இறைக்க ஒன்பது பேர் காத்து நிற்பர். ஆட்கள் பெருகினும் நீர் பெருகாது. லினக்ஸ் என்னும் இயக்க முறைமைக்கும் ஒரு காலத்தில் இந்நிலை நேர்ந்தது.

கணிப்பொறியின் செயலியையும் நினைவகத்தையும் மற்ற நிரல்களுக்குப் பங்கிட்டு அளிக்கும் தலைமை நிரலே இயக்க முறைமையாகும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டில், இன்டெல் 386 செயலி ஒன்றை உடைய தம் கணிப்பொறிக்காக லினக்ஸை எழுதத் தொடங்கினார். அச்செயலியின் முகவரி 32 பிட் நீளமுடையது. ஆகவே அது சுட்டக்கூடிய இடங்கள் 4,29,49,67,296 மட்டுமே. அதாவது 4 கிகாபைட். முகவரியில்லாத வீட்டிற்குக் கடிதம் சேராதன்றோ? நீண்ட முகவரியுடைய 64 பிட் செயலிகளில் அந்த எல்லை அகன்றது.

செயலிகளின் எல்லையோ வேறு வகையானது. 1996-இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பல செயலிகளை ஏற்றுக்கொண்டது. இரு செயலிகள் ஒரே குறிப்பை ஒருங்கே திருத்திக் குழப்பிவிடாதிருக்க, அதன் கருப்பகுதி முழுவதற்கும் ஒரே பூட்டு இடப்பட்டது. ஒரு செயலி உள்ளே புகுந்தால் பிற வெளியே நிற்க வேண்டும். காவல் உறுதிதான், ஆனால் இராட்டினம் ஒன்றே.

இத்தகைய காத்திருப்பின் விலையை 1967-இலேயே ஜீன் அம்டால் எடுத்துக்காட்டினார். வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவர்பின் ஒருவராகவே செய்யத்தக்கதாயின், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

பெரும்பூட்டைச் சிறு பூட்டுகளாகப் பிரிப்பதே வழி. பிரிப்பதில் பிழை நேர்ந்தாலோ, இரு செயலிகள் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று முடிவின்றிக் காத்துக் கிடக்கும். எனவே பணி மெல்லவே நடந்தது. மூலநிரல் யாவரும் படிக்கத் திறந்திருந்தமையால், பல நாட்டினர் வரி வரியாக ஆராய்ந்து திருத்தினர். 2011-இல் வெளிவந்த 2.6.39 பதிப்பில்தான் அப்பெரும்பூட்டு முற்றும் நீங்கியது. பதினைந்து ஆண்டு உழைப்பு!

நண்பர்களே, ஒரு பணி தாமதமாகும்போது மேலும் ஆட்களைத் தேடுமுன், வரிசை எங்கே நிற்கிறதென்று பாருங்கள். தேவைப்படுவது மற்றோர் இராட்டினமாக இருக்கலாம்.