வயலின் வில்லும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் வாணி விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நவராத்திரிப் பசனையில் நமது வயலின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். தந்திகள் நல்ல நிலையில் இருந்தன. வில்லின் மயிர்தான் பாதிக்குமேல் அறுந்து போயிருந்தது. கொழும்புக்கு அனுப்பினால் திரும்பி வரக் கிழமைக்கணக்காகும் என்றார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "போகட்டும் தம்பி, அது வேதக்காரருடைய வாத்தியந்தானே" என்றார். மிசன் பாடசாலையில் வயலின் பழகிய எனக்கு அச்சொல் தைத்தது. அதற்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

வயலின் மேல்நாட்டிலிருந்து வந்ததென்பது உண்மை. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் அதனைப் பயின்று, நமது இராகங்களுக்கு இசைவித்தார். நின்று வாசித்த கருவியை நம்மவர் நிலத்தில் சம்மணமிட்டு, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கலாயினர். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது.

வில்லின் வரலாறு இதனினும் பழையது. இராவணன் வெட்டைக் கண்டு வளரும் நமக்கு, அவன் தன் தலையையும் கரத்தையும் நரம்பையும் கொண்டு வீணை செய்து சாமகானம் இசைத்த கதை புதிதன்று. அவன் பெயர் தாங்கிய இராவணஹத்தா என்னும் கருவி, தேங்காய்ச் சிரட்டையும் மூங்கிலும் குதிரைமயிர் வில்லும் உடையதாய் இராசத்தானத்தில் இன்றும் இசைக்கப்படுகிறது. ஐதிகம் ஐதிகமாகவே இருக்கட்டும். வில்லிட்டு இசைக்கும் முறை பத்தாம் நூற்றாண்டளவில் மத்திய ஆசியாவில் தோன்றிப் பிற நாடுகளுக்குப் பரவியது என்பது அறிஞர் கருத்து. ஆகவே ஐரோப்பியரும் வில்லை ஆசியாவிலிருந்தே பெற்றனர்.

இன்றைய வில்லின் அமைப்பை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநிறுத்தியவர் பாரிசு நகரத்துப் பிரான்சுவா சேவியர் தூர்த். இளமையில் கடிகாரத் தொழில் பழகிய அவர், பிரேசில் நாட்டுப் பெர்னம்புகோ மரத்தைச் சீவி, அனலில் வாட்டி வளைத்தார். வேட்டைக்காரனின் வில் நாணை விட்டு விலகி வளையும். இதுவோ மயிரை நோக்கி வளையும். அதனால் அழுத்தியபின் மீண்டெழும் வலிமை இதற்கு உண்டு. நீளம் ஏறத்தாழ 75 சென்றிமீற்றர். நிறை ஏறத்தாழ 60 கிராம். கைப்பிடியில் ஒரு கருங்காலிக் கட்டை திருகாணியால் முன்னும் பின்னும் நகர்ந்து, 150 முதல் 200 வரையான குதிரைவால் மயிர்களை இறுக்கியும் தளர்த்தியும் தரும்.

வெறும் மயிர் நாதம் எழுப்பாது. பைன் மரப் பிசினிலிருந்து பெறும் ரோசினைத் தேய்த்தால்தான் அது தந்தியைப் பற்றி இழுக்கும். இழுவை மிஞ்சியதும் தந்தி நழுவும். மறுகணமே மயிர் மீண்டும் அதனைப் பற்றும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழும் இந்தப் பற்றலும் நழுவலுமே நாம் கேட்கும் நாதமாகின்றன.

பெர்னம்புகோ மரம் அருகிவிட்டமையால் 2007இல் அதன் வாணிகம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கருங்காலி நமது உலர்வலயக் காடுகளிலும் வளர்வது. அதுவும் இன்று சட்டத்தின் காவலில் உள்ளது. எனவே புது வில் வாங்குவதிலும், உள்ள வில்லைப் பேணுவதே சிறப்பு.

இவற்றையெல்லாம் படித்தறிந்தும் எனக்கு மயிர் மாற்றத் தெரியவில்லை. வில்லை எங்கள் ஒழுங்கையிலுள்ள தச்சு ஆசாரியாரிடம் கொண்டு சென்றேன். வயலினைத் தொட்டறியாத அவர் கருங்காலிக் கட்டையைக் கழற்றிப் பார்த்து, "தம்பி, மயிரைப் பிடிச்சிருக்கிறது பசையில்லை, இந்தச் சின்ன ஆப்புத்தான்" என்றார். கொழும்பிலிருந்து மயிர் தருவித்தேன். முதல்முறை ஆப்புத் தளர்ந்து மயிர் முழுவதும் சரிந்தது. இரண்டாம் முறை அதே குழிக்கு அளவாக மென்மரத்தில் வேறோர் ஆப்புச் சீவினார்; அது நின்றது. இன்று மாலை பூசையில் நீங்கள் கேட்டது அந்த வில்லின் இசையே. ஆசாரியார் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அன்பர்களே! கிறித்தவப் பாடசாலைகளிற் கற்ற விபுலாநந்த அடிகளார் நமது திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணியாற்றினார். பழந்தமிழ் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை நமக்கு அளித்தார். எங்கே கற்றோம் என்பதிலும், கற்றதை யாருக்குப் பயன்படுத்துகிறோம் என்பதே பெரிது. அந்தப் பெரியவருக்கு நான் கூறக்கூடிய விடையும் இதுவே.

ஒரு சிறு விண்ணப்பத்துடன் அமைகிறேன். ஆசாரியாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஞாயிறுதோறும் தமது பட்டறையில் கற்பிக்க அவர் இசைந்துள்ளார். நம் இளைஞருள் இருவர் முன்வருவார்களாயின், அடுத்த நவராத்திரிக்கும் நமது வயலின் பெட்டிக்குள் கிடவாது.