வைத்தியரைக் கண்டதும் ஏறும் இரத்த அழுத்தம்

(றொசல்லயில் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்க அஞ்சாதவரும், வைத்தியர் கையில் பட்டியைச் சுற்றக் கண்டால் அஞ்சிவிடுகிறார். நெஞ்சு படபடக்கிறது, அளவு ஏறுகிறது. "உமக்குப் பிரஷர்" என்ற சொல் விழுந்ததும், அந்தியாவதற்குள் லயம் முழுதும் செய்தி பரவிவிடுகிறது!

இது வெறும் மனப்பிரமையன்று. இத்தாலியில் மிலான் நகரத்து வைத்தியர் மான்சியாவும் அவர் கூட்டத்தாரும் 1983-இல் 48 பேரை இடைவிடாது அளந்து பார்த்தனர். வைத்தியர் படுக்கையருகே வந்த நாலு நிமிடத்துக்குள் மேல் அளவு சராசரி 27 அளவு உயர்ந்தது. பத்து நிமிடத்தில் பெரும்பாலும் தணிந்தும் விட்டது. பின்னர் தாதியரைக் கொண்டு அளந்தபோது ஏற்றம் பாதியளவே! அச்சத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, சிறு குழாய்கள் சுருங்குகின்றன. அவ்வளவுதான்.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, மேட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஏறி, அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற கவலையோடு, சாயத்தண்ணீர் குடித்த சூட்டோடு கையை நீட்டினால் அளவு எப்படி இறங்கியிருக்கும்? அரைமணி முன்பே தேநீரையும் புகையையும் நிறுத்துங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாதிருங்கள். கை நெஞ்சின் மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு முறை அளக்கும்படி வைத்தியரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஆனால், "எனக்கு டாக்டர் பயந்தான்" என்று தாமே தீர்ப்புக் கூறி மாத்திரையை வீசுவோரை நான் ஒப்பேன். இந்நோய் வலி தராது. வாய் கோணிப் பாரிசவாதம் வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது. அச்சத்தால் மட்டும் ஏறுகிறவருக்கும் பின்னாளில் மெய்யான நோய் வருவதுண்டு. பயமா நோயா என்பதை வீட்டில் எடுத்த அளவே காட்டும். வைத்தியசாலையில் 140-க்கு 90 என்பது எல்லை. வீட்டில் 135-க்கு 85.

ஆதலின் நம் சங்கம் மேற்கையில் கட்டும் கருவியொன்று வாங்க வேண்டும். இளைஞர் ஒருவர் முதியோரை ஒரு வாரம் காலையும் மாலையும் அவரவர் லயத்திலேயே அளந்து, கொப்பியில் எழுதிக் கொடுக்கலாம். அக்கொப்பியைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ வைத்தியர் செய்வார். செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.