காவியங்களில் வீரர்கள்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



"காவியங்களில் வீரர்கள்" என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். தலைப்பைக் கண்டவுடனே, நம் நாட்டு இதிகாச வீரர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று உங்களில் பலர் நினைத்திருக்கலாம். நம் வீட்டுச் சங்கதியை எடுத்தால் பக்தியும் கோபமும் குறுக்கே வந்து புத்தியை மறைத்து விடுகின்றன. ஆகவே, நமக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஐரோப்பாவின் இரண்டு காவியங்களை எடுத்துக் கொள்கிறேன். ஒன்று, ஏறக்குறைய 2700 வருஷங்களுக்கு முன் கிரேக்க மொழியில் உண்டான "இலியத்". ஹோமர் என்பவர் பாடியதாகச் சொல்லப்படுவது. மற்றொன்று, சுமார் 1100-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு மொழியில் எழுந்த "ரோலந்தின் பாட்டு". அந்நியன் வீட்டுக் கதையில் நியாயம் பார்க்கப் பழகியவனுக்குத் தன் வீட்டுக் கதையில் நியாயம் பார்ப்பது கஷ்டமல்ல.

அக்கிலீஸின் வீரம்

இலியத் 24 பகுதிகளும் 15,000-க்கு மேற்பட்ட அடிகளும் கொண்டது. அதன் தலைமை வீரன் அக்கிலீஸ். கதையின் ஆரம்பமே ஒரு பெண்ணைப் பற்றிய தகராறு. பிரைசியிஸ் என்பவள் யுத்தத்தில் பிடிபட்டவள். அவளுடைய புருஷனைக் கொன்றவன் அக்கிலீஸ். அவளைத் தன் பங்காக அடைந்தவனும் அவனே. சேனாதிபதி அகமெம்னான் அவளைப் பிடுங்கிக் கொள்கிறான். உடனே அக்கிலீஸ், தன் மானம் போய்விட்டதென்று சண்டைக்கு வர மறுக்கிறான். மறுப்பதோடு நின்றானா? தன் பக்கத்துச் சேனையே தோற்றுச் சாக வேண்டுமென்று தேவராஜனாகிய சூஸிடம் வரம் கேட்டுவரத் தன் தாயை அனுப்புகிறான். அப்படியே கிரேக்கர்கள் கும்பல் கும்பலாய்ச் சாகிறார்கள். அவர்கள் இவனுக்குச் செய்த குற்றம் என்ன? ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் போன மானத்தைப் பற்றி அந்தச் சேனையில் ஒருவனாவது கேட்டானா? அதுவும் இல்லை.

கடைசியில் சிநேகிதன் பட்ரோக்ளஸ் இறந்த பிறகுதான் இந்த வீரன் எழுந்து வருகிறான். டிராய் நகரத்து ஹெக்டரோடு இவன் செய்யும் சண்டையைப் பாருங்கள். அதீனா என்ற தெய்வம் ஹெக்டரின் தம்பியைப் போல் வேஷம் போட்டு வந்து, "நான் துணைக்கிருக்கிறேன்" என்று அவனை ஏமாற்றி நிற்க வைக்கிறது. அக்கிலீஸ் எறிந்து தவறிய ஈட்டியை எடுத்து வந்து மறுபடியும் அவன் கையிலேயே கொடுக்கிறது. ஹெக்டர் தன் ஈட்டியை எறிந்துவிட்டு, வேறு ஈட்டி கேட்டுத் திரும்பிப் பார்க்கும்போது தம்பி அங்கே இல்லை! இதற்குப் பெயர் வீரமென்றால், மோசடிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அப்புறம் ஹெக்டரின் பிணத்தை ரதத்தில் கட்டி இழுத்ததும், சிநேகிதனின் சிதையில் 12 டிராய் இளைஞர்களை வெட்டிப் போட்டதும் அதே காவியத்தில் உள்ளவைதான். நான் கற்பித்துச் சொல்லவில்லை.

ஹெக்டர் நல்லவன், பெண்டு பிள்ளைகளிடம் அன்புள்ளவன். அவனும் இந்த மான வியாதிக்குத் தப்பவில்லை. அக்கிலீஸ் மறுபடி வருகிறான், சேனையைக் கோட்டைக்குள் கொண்டு போய்விடுவோம் என்று பொலிடாமஸ் என்பவன் புத்தி சொல்லுகிறான். ஹெக்டர் அதைத் தள்ளிவிடுகிறான். மறுநாள் சேனை அழிந்த பிறகு, உள்ளே போனால் "இவனது கர்வத்தால் ஜனங்கள் அழிந்தார்கள்" என்று ஊரார் பேசுவார்களே என்ற வெட்கத்தினாலேயே கோட்டைக்கு வெளியே நின்று சாகிறான்.

அடிபட்டவன் ஒருவன்

இனி, அதே காவியத்தில் யாரும் வீரனென்று சொல்லாத ஒருவனைக் காட்டுகிறேன். இரண்டாம் பகுதியிலே, சேனையின் மனதைச் சோதிக்க வேண்டி, "ஊருக்குத் திரும்பிப் போவோம்" என்று அகமெம்னான் பொய்யாகச் சொல்லுகிறான். உடனே சிப்பாய்கள் சந்தோஷக் கூச்சலோடு கப்பலுக்கு ஓடுகிறார்கள். ஒன்பது வருஷமாய்ப் பெண்டு பிள்ளைகளை விட்டுக் கிடப்பவனுக்கு வேறு என்ன ஆசை இருக்கும்? அவர்களைத் தடுக்க ஒடிசியஸ் வருகிறான். எதிர்ப்பட்டவன் பிரபுவாயிருந்தால் இனிய வார்த்தை சொல்லுகிறான். பாமரனாயிருந்தால் கோலால் அடித்துத் திட்டுகிறான். ஒரே ஓட்டம், ஆனால் இரண்டு நீதி!

அப்போது தெர்சைட்டீஸ் என்ற ஒருவன் மாத்திரம் வாயைத் திறந்து, "நாங்கள் பிடித்துக் கொண்டு வருகிறோம், நீ சேர்த்து வைத்துக் கொள்ளுகிறாய்; இவனை விட்டுவிட்டு ஊருக்குப் போவோம்" என்ற கருத்தில் அகமெம்னானைப் பார்த்துக் கேட்கிறான். இதே நியாயத்தைத்தான் முதல் பகுதியில் அக்கிலீஸும் பேசினான். அவன் பேசினால் அது வீரனின் கோபம். இவன் பேசினால் அதிகப்பிரசங்கம். ஒடிசியஸ் இவன் முதுகில் ரத்தம் கட்டும்படி கோலால் அடிக்கிறான், சிப்பாய்கள் சிரிக்கிறார்கள். தங்களுக்காகப் பேசியவன் அடிபடுவதைப் பார்த்துத் தாங்களே சிரிக்கிறார்கள்! கவியும் சும்மா விடவில்லை. மற்ற வீரர்களுக்கெல்லாம் தகப்பன் பெயர், ஊர், வம்சம் எல்லாம் சொல்லுகிறவர், இவனுக்கு ஒன்றுமே சொல்லாமல், நொண்டி, கூனன், கூர்மண்டையன் என்று அங்கங்களை மாத்திரம் வருணிக்கிறார். ஆயுதமும் தெய்வமும் துணையில்லாமல், ஒரு சேனாதிபதிக்கு எதிரே தனியாக நின்று நியாயம் பேசியவன் வீரனா, திரும்பி வந்த ஈட்டியால் குத்தியவன் வீரனா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஊதாத கொம்பு

அடுத்தது ரோலந்து. 778-ல் பிராங்குகளின் அரசன் சார்லமேன் ஸ்பெயினுக்குப் போனது அங்குள்ள முஸ்லிம் தலைவர்களில் சிலர் கூப்பிட்டதன் பேரிலேதான். சரகோசா நகரம் கைக்கு வரவில்லை. திரும்பும் வழியில் பாஸ்க்கு மக்களின் பம்ப்லோனா நகரத்து மதிலை இடித்தான். பிரெனீஸ் மலைக் கணவாயில் பாஸ்க்கர்கள் அவனது பின்னணிச் சேனையைத் தாக்கி அழித்தார்கள். செத்தவர்களில் ரோலந்தும் ஒருவன். அவனது அரண்மனையில் இருந்த ஐன்ஹார்டு எழுதிய சரித்திரத்திலேயே, தாக்கியவர்கள் பாஸ்க்கர்கள் என்றுதான் இருக்கிறது.

சுமார் 300 வருஷம் கழித்து, சிலுவை யுத்த ஆவேசம் பரவிய காலத்தில், இதே சம்பவம் 4000 அடிப் பாட்டாக வரும்போது பாஸ்க்கர்கள் மறைந்து போனார்கள். அந்த இடத்தில் லட்சக்கணக்கான முஸ்லிம்கள் வந்து விட்டார்கள்! தேவதூதன் வருகிறான், சார்லமேன் பழி வாங்குவதற்காகச் சூரியன் நிற்கிறது, தலைமைப் பாதிரியார் டர்ப்பின், செத்தால் மோட்சம் என்று சொல்லிக்கொண்டே தாமும் வெட்டுகிறார், முடிவில் லட்சம் பேருக்கு மேல் கட்டாய ஞானஸ்நானம் நடக்கிறது, மறுத்தவர்களுக்குச் சாவு. வழிப்பறிபோல நடந்த ஒரு மலைச் சண்டை மத யுத்தமான விதம் இதுதான்.

அந்தப் பாட்டிலும் ரோலந்து செய்ததென்ன? எதிரிகள் ஏராளம், கொம்பை ஊதினால் அரசன் திரும்பி வருவான் என்று தோழன் ஒலிவர் திரும்பத் திரும்பச் சொல்லுகிறான். ஊதினால் என் கீர்த்தி போய்விடும், குலத்துக்கு இழுக்கு என்று ரோலந்து மறுக்கிறான். அவன் பொறுப்பில் இருந்தவர்கள் 20,000 பேர் என்று பாட்டே கணக்குச் சொல்லுகிறது. அத்தனை பேரும் சாகிறார்கள். எல்லாம் முடிகிற சமயத்தில்தான் கொம்பு ஊதப்படுகிறது.

கவியின் சாட்சி

இம்மாதிரிக் கதைகள் வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லலாம். 1870-ல் ஜெர்மானியர் பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, கஸ்தோன் பாரிஸ் என்ற பண்டிதர் பிரெஞ்சுத் தேசியத்துக்கு ஆதாரமாக இந்த ரோலந்துப் பாட்டையே எடுத்துப் பிரசங்கம் செய்தார். அலெக்சாண்டர் இலியத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினான் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தத் தலையணைக்குப் பின்னால் எத்தனை ஊர்கள் எரிந்தன என்பதைச் சரித்திரத்தில் பாருங்கள்.

அப்படியானால் இக்காவியங்களைக் கொளுத்திவிடலாமா என்றால், நான் அப்படிச் சொல்ல வரவில்லை. மேலே நான் கொடுத்த சாட்சியங்கள் அவ்வளவும் அந்தக் கவிகளே கொடுத்தவை. தெர்சைட்டீஸை இகழ்ந்த கவி, அவன் பேச்சை மறைக்கவில்லை. உன் புத்தியீனத்தால்தான் நம்மவர்கள் செத்தார்கள் என்று ஒலிவர் ரோலந்தின் முகத்துக்கு நேரே சொல்லுவதும் பாட்டிலே இருக்கிறது. பிள்ளையைக் கொன்றவன் கையை ஹெக்டரின் கிழத் தகப்பன் முத்தமிட்டுப் பிணத்தை யாசிப்பதும், இருவரும் சேர்ந்து அழுவதும் இலியத்தின் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. "ஒடிசி" என்ற மற்றொரு காவியத்தில், இறந்தவர் உலகத்திலுள்ள அக்கிலீஸ், செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாயிருப்பதை விட உயிரோடு ஓர் ஏழையிடம் கூலிக்காரனாயிருப்பதே மேல் என்கிறான். வீரசொர்க்கத்தைப் பற்றி அந்த வீரனே கொடுத்த தீர்ப்பு அது! காவியத்தில் குற்றமிருப்பதைவிட, அதைப் பூஜை அறையில் வைத்துப் படிக்கிறவர்களிடத்தில்தான் குற்றம் அதிகம்.

தோழர்களே! தன் மானத்துக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறவனை நாம் மதிக்கலாம். தன் மானத்துக்காகப் பிறர் உயிரைச் செலவு செய்கிறவனை வீரனென்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூடாது. இனி யாராவது ஒருவனைக் காட்டி "இவனே மகா வீரன்" என்று உங்களிடம் சொன்னால், அவனுக்காகச் செத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் எந்தப் பாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்கிறவனை முதுகில் அடித்தால், தயவு செய்து பக்கத்திலிருந்து நீங்கள் சிரிக்காதீர்கள். இதையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாமல், அக்காவியங்களைப் படித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளுங்கள்.