பொருள்நோக்கு வடிவமைப்பில் குழுப் பயிற்சி

தரவையும் அதைக் கையாளும் செயலையும் ஒரே பொருளாக இணைத்துக் காண்பதே பொருள்நோக்கு முறை. புதிய கணினி மொழியைக் கற்பித்தால் மட்டும் இப்பார்வை வந்துவிடாது. மொழி மாறினும் பழைய சிந்தனை தொடரும். இதற்கெனவே கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம் ஆகியோர் 1989-இல் அட்டைவழிப் பயிற்சியை முன்வைத்தனர். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பொருள்வகையின் பெயர், அதன் பொறுப்புகள், அது துணைக்கு நாடும் பிற வகைகள் ஆகியவை மட்டுமே இடம்பெறும்.

எடுத்துக்காட்டாக, ரயில் முன்பதிவில் காலி இடங்களைக் கணக்கிடுவது பயணச்சீட்டின் பொறுப்பா, பெட்டியின் பொறுப்பா? அட்டைகளை ஏந்திக் குழுவினர் விவாதிக்கையில் குழப்பம் வெளிப்பட்டுவிடும். நடைமுறையறிந்த முன்பதிவு அலுவலரும் அவர்களுடன் அமர்தல் வேண்டும். அட்டையில் நேரும் பிழையைத் திருத்த அழிப்பான் போதும். அதுவே நிரலாகிப் பயனுக்கு வந்தபின் திருத்த முற்பட்டால் காலமும் பொதுப்பணமும் விரயமாகும்.